அடைமொழியும் மணியும்: தொலைக்காட்சி நகை வணிகத்தில் வழங்கும் கற்பெயர்கள்

செந்தாமரை என்னும் சொல்லைக் கேட்டவர் தாமரை ஒன்றையே மனத்தில் காண்பர். வெண்டாமரை என்றாலும் அவ்வாறே. முன் நிற்கும் அடைமொழி மாறலாம். பின் நிற்கும் பெயர் சுட்டும் இனம் மாறாது. பண்புத்தொகை பற்றி நம் இலக்கண நூலார் வகுத்தவற்றுக்கெல்லாம் இவ்வுணர்வே அடிப்படை. அடையானது தன்னை அடுத்த பெயரின் பொருளை வரையறுக்கும். அப்பொருளையே இல்லை என்று ஆக்கிவிடாது.

இவ்வுணர்வு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலம் பேசுவோர்க்கும் உண்டு. 'ஸ்மோக்கி டோபாஸ்', அதாவது புகைநிற டோபாஸ், என்னும் பெயரை அமெரிக்க நகை வணிகர் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளனர். கேட்பவர் அதனை டோபாஸ் வகையுள் ஒன்றென்றே கொள்வர். ஆனால் அது டோபாஸ் அன்று. குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல்லே அது. டோபாஸ் என்பது அலுமினியமும் சிலிக்கானும் ஃபுளோரினும் கூடிய கனிமம். அதன் கடினம் மோஸ் அளவையில் 8; ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.5. படிகக்கல்லோ சிலிக்கானும் ஆக்சிஜனும் மட்டுமே சேர்ந்தது; கடினம் 7; ஒப்படர்த்தி 2.65. ஒரே பருமனுள்ள இரு கற்களைத் தராசில் இட்டால் டோபாஸ் மூன்றில் ஒரு பங்கு மிகுதியாக நிறுக்கும். கண்ணுக்கு ஒத்தவை தராசுக்கு ஒவ்வா, விலைக்கும் ஒவ்வா.

இத்தகைய பெயர்கள் பழைய கடைவீதியிலும் இருந்தன. ஆயினும் தொலைக்காட்சி வழியாக நகை விற்கும் முறை தோன்றிய பின் அவற்றின் ஆற்றல் பன்மடங்கு பெருகிற்று. அம்முறை தோன்றிய வரலாறு சுவையானது. 1977-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிளியர்வாட்டர் என்னும் ஊரிலிருந்த சிறு வானொலி நிலையம் ஒன்றுக்கு, விளம்பரக் கட்டணம் செலுத்த இயலாத வணிகர் ஒருவர், பணத்திற்கு ஈடாக மின்விசையால் தகரக் குப்பிகளைத் திறக்கும் கருவிகள் 112-ஐக் கொடுத்தார். நிலையத்தார் அவற்றை ஒலிபெருக்கியின் முன் கூவி விற்றனர், எல்லாம் விலைபோயின. அவ்வனுபவமே 1982-இல் உள்ளூர்க் கம்பிவடத் தொலைக்காட்சி வணிகமாகவும், 1985-இல் நாடளாவிய அலைவரிசையாகவும் வளர்ந்தது. 1986-இல் பென்சில்வேனியாவில் கியூ.வி.சி. தொடங்கிற்று. பின்னர் நகையை மட்டுமே விற்கும் அலைவரிசைகள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் எழுந்தன. அவற்றுட் சில, விலை மேலேறும் ஏலத்தைத் தலைகீழாக்கின. உயர்ந்த விலையில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். பொருள் தீருமுன் வாங்குவதற்கு முந்திக்கொள்ள வேண்டும்.

தகரத்திறப்பானை விற்பதற்கும் மணியை விற்பதற்கும் பெருவேறுபாடு உண்டு. முன்னது தகரத்தைத் திறக்கின்றதா இல்லையா என்பதை வீட்டில் எவரும் கண்டறியலாம். மணி அத்தகையதன்று. வாங்கியவர் அதனை ஆண்டுக்கணக்கில் அணிந்திருப்பினும் அது இன்னதென்று தாமே அறியமாட்டார். கடையில் வாங்குவோர்க்கு ஓரளவு வாய்ப்புண்டு, கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், பகலொளியில் திருப்பலாம், அடுத்த கடையில் விலை கேட்கலாம், உடன் வந்த முதியவரின் முகத்தைப் பார்க்கலாம். திரையின் முன் அமர்ந்திருப்பவர்க்கு இவை எவையும் இல. ஆறு மில்லிமீட்டர்க் கல் திரை முழுவதும் நிறைந்து தோன்றுகின்றது. அதன்மீது பாயும் ஒளி எந்த வீட்டிலும் இல்லாத ஒளி. ஓரத்தில் கடிகாரம் ஓடுகின்றது; எஞ்சியுள்ள எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகின்றது. இந்நிலையில் வாங்குவோர் கைக்கு எட்டுவது ஒன்றே. அது கல்லின் பெயர். கண்ணும் கையும் தராசும் செய்யவேண்டிய வேலை அனைத்தையும் அப்பெயரே செய்யவேண்டியதாகின்றது.

அப்பெயர் எவ்வாறு அமைகின்றது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள்.

மிகப் பெரும்பாலான மயக்கப் பெயர்கள் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. உயர்ந்த மணி ஒன்றின் பெயர் பின்மொழியாக நிற்கும். ஓர் ஊரோ நாடோ நிறமோ முன்மொழியாக நிற்கும். ஹெர்க்கிமர் வைரம் என்பது நியூயார்க் மாநிலத்து ஹெர்க்கிமர் வட்டத்தில் கிடைக்கும் தெளிந்த படிகக்கல். மாத்தறை வைரம் என்பது இலங்கையின் தென்கரை ஊராகிய மாத்தறையின் பெயரால் வழங்கிய, நிறமற்ற ஜிர்கான் கல். கொரியப் பச்சைமணி பெரும்பாலும் பாம்புக்கல் எனப்படும் செர்ப்பென்டைன். இந்தியப் பச்சைமணி அவென்சுரீன் என்னும் படிகக்கல் வகை. கேப் மாணிக்கமும் அரிசோனா மாணிக்கமும் செந்நிறக் கார்னெட். சைபீரிய மாணிக்கம் சிவந்த தூர்மலின். பிரேசில் மரகதம் பச்சைத் தூர்மலின். மடீரா டோபாஸ் மஞ்சட் படிகம். சுவிட்சர்லாந்தின் பெயரால் வரும் லாபிஸ், சாயமேற்றிய ஜாஸ்பர். மாலை மரகதம் என்பது பெரிடாட். பட்டியல் நீளும், இவ்வளவே போதும்.

இவை கேட்பவர்க்குப் பண்புத்தொகை போலவும் இடப்பெயரை அடையாகக் கொண்ட தொகை போலவும் தோன்றுகின்றன. மதுரை மல்லி மல்லியே ஆதல்போல, ஹெர்க்கிமர் வைரமும் வைரமே ஆகும் என்று செவி நம்புகின்றது. ஆனால் விற்பவரிடத்தில் அச்சொல் வேறொரு தொகையாக இயங்குகின்றது. நம் இலக்கணத்தில் அதற்குப் பெயர் உண்டு, அன்மொழித்தொகை என்பர். தொகையில் உள்ள இருமொழியும் சுட்டாத பிறிதொரு பொருளைச் சுட்டுவது அது. பொற்றொடி வந்தாள் என்றால், வந்தது பொன்னும் அன்று, தொடியும் அன்று. அதனை அணிந்த மகள். அதுபோல ஹெர்க்கிமர் வைரம் என்று விற்பவர் கூறும்போது அவர் கருதுவது ஊரும் அன்று, வைரமும் அன்று. இரண்டிற்கும் புறத்தே நிற்கும் படிகக்கல். ஒரே சொல் வாங்குவோர் காதில் பண்புத்தொகை. விற்போர் நாவில் அன்மொழித்தொகை. மயக்கம் முழுவதும் இவ்விடைவெளியில் நிகழ்கின்றது. விற்பவர் பொய்யான சொல் ஒன்றையும் கூறியிருக்கமாட்டார். கேட்டால், 'அது வாணிகப் பெயர். எங்கள் தொழிலில் எல்லாரும் அறிந்ததே' என்பார்.

இங்கே ஒரு வேறுபாட்டை விளக்கியாக வேண்டும். இலக்கணத்தார் கூறும் அன்மொழித்தொகை எவரையும் ஏமாற்றுவதில்லை. 'வந்தாள்' என்னும் முடிக்குஞ்சொல்லின் பாலீறு, வந்தது தொடியன்று, பெண் என்பதை உடனே காட்டிவிடுகின்றது. சொற்றொடர் தன் மறைபொருளைத் தானே வெளியிட்டு விடுகின்றது. 'இதோ ஒரு ஹெர்க்கிமர் வைரம். பதினைந்தே எஞ்சியுள்ளன' என்னும் தொடரில் அத்தகைய ஈறு ஒன்றும் இல்லை. 'படிகக்கல்' என்னும் சொல் திரையின் அடியில் சிற்றெழுத்தில் ஓடியிருக்கலாம். அல்லது விற்பவர் தொடக்கத்தில் ஒருமுறை விரைந்து கூறியிருக்கலாம். அதன்பின் கால் மணி நேரம் ஒலிப்பது வைரம் என்னும் சொல்லே. பேச்சில் நீண்ட பெயர் குறுகுவது இயல்பு. எந்தப் பகுதி குறைகின்றது என்பதே வினா. 'கண்ணாடி நிரப்பிய மாணிக்கம்' என்று தொடங்கும் பேச்சில், நான்காம் முறை கூறுமுன் 'கண்ணாடி நிரப்பிய' என்பது உதிர்ந்துபோகும், மாணிக்கம் உதிராது.

அடைமொழி எப்போதும் இனத்துக்குள் வகையையே காட்டும் என்று கூறுவதும் முற்றும் சரியாகாது. நாட்டுப்புற வழக்கில் இதற்கு விலக்கு உண்டு. நாய்க்கடுகு கடுகன்று, பேய்க்கரும்பு நாம் தின்னும் கரும்பன்று. தோற்றத்தால் மட்டும் ஒத்த ஒன்றுக்கு உண்மைப் பொருளின் பெயரைத் தரும்போது, நம் மக்கள் அதன்முன் நாயையோ பேயையோ நிறுத்தினர். அவ்வடை ஓர் எச்சரிக்கை. கேட்டவுடனே, 'இது அதுவன்று' என்பது விளங்கிவிடும். மணி வணிகர் செய்தது இதற்கு நேர்மாறானது. அவரும் ஒத்த தோற்றமுள்ள தாழ்ந்த பொருளுக்கு உயர்ந்த பொருளின் பெயரைத் தந்தார். ஆனால் முன்னே நிறுத்திய அடை சுவிட்சர்லாந்து, மடீரா, மாலைப்பொழுது. இறக்கவேண்டிய இடத்தில் ஏற்றினார். நாய்வைரம் என்று விளம்பரம் செய்தால் எவர் வாங்குவார்?

நம் நாட்டுக் கடைகளிலும் இவ்வாய்பாடு நன்கு வேரூன்றியுள்ளது. அமெரிக்கன் டைமண்ட் என்று சென்னையிலும் மதுரையிலும் வழங்குவது கியூபிக் ஜிர்க்கோனியா என்னும் செயற்கைப் பொருள், ஜிர்க்கோனியம் ஆக்சைடு. அது வைரம் அன்று என்பதைப் பலர் அறிவர். அமெரிக்காவுக்கு உரியதும் அன்று என்பதை அறிந்தோர் சிலரே. அதனைப் பெரிய படிகங்களாக வளர்க்கும் முறையை வகுத்தவர்கள் மாஸ்கோவிலுள்ள லெபடெவ் இயற்பியல் நிறுவனத்து அறிவியலார். 1976 முதல் அது வணிகப் பொருளாயிற்று. சோவியத்து நாட்டில் அதற்கு அந்நிறுவனத்தின் பெயரெழுத்துகளைக் கொண்டு 'ஃபியனிட்' என்றே பெயரிட்டனர். ஆகவே முன்மொழியும் பொய்த்தது, பின்மொழியும் பொய்த்தது. அன்மொழித்தொகைக்கு இதனினும் தூய எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. ஆயினும் இதில் ஒரு நன்மை உண்டு. இப்பெயர் இங்கே மிகப் பரவிவிட்டமையால், வாங்குவோரும் விற்போரும் ஒரே பொருளையே கருதுகின்றனர். ஏமாற்றும் ஆற்றலை அது பெரும்பாலும் இழந்துவிட்டது. பெயர் மட்டும் எஞ்சிற்று.

பெயர் பிறழ்ந்து வழங்குவன எல்லாம் வஞ்சனையாற் பிறந்தன என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. வேதியியல் தோன்றுமுன் நிறமே இனமாகக் கருதப்பட்டது. சிவந்து ஒளிர்வன எல்லாம் மாணிக்கம். ஸ்பினெல் என்பது மாணிக்கத்தின் வேறான கனிமம் என்பதை 1783-இல் பிரெஞ்சு அறிஞர் ரோமே தெ லீல் தெளிவுபடுத்தினார். அதற்கு முன் பதக்சான் மலைகளிலிருந்து வந்த செந்நிற ஸ்பினெல்கள் 'பலாஸ் மாணிக்கம்' என்று அரசர் கருவூலங்களில் இடம்பெற்றன. பிரித்தானிய அரச முடியின் முகப்பில் உள்ள 'கருப்பு இளவரசர் மாணிக்கம்' ஸ்பினெலே. முகலாயப் பேரரசர்தம் பெயர்கள் பொறிக்கப்பெற்ற 'தைமூர் மாணிக்கமும்' ஸ்பினெலே. இவற்றுக்குப் பெயரிட்டவர்கள் எவரையும் ஏமாற்றவில்லை. அவர்களே அவ்வாறு நம்பினர். விற்பவரும் வாங்குபவரும் ஒரே அறியாமையைப் பகிர்ந்துகொண்டிருந்த காலம் அது. இன்று அறியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கின்றது. அதனாற்றான் பழைய பெயர் புதிய குற்றமாகின்றது.

சில வேளைகளில் உயர்ந்த கல் தாழ்ந்த கல்லின் பெயரைப் பெற்றதும் உண்டு. மஞ்சள் நிற நீலக்கல்லை ஐரோப்பியர் 'கீழ்நாட்டு டோபாஸ்' என்றனர். பச்சை நிற நீலக்கல்லைக் 'கீழ்நாட்டு மரகதம்' என்றனர். ('மஞ்சள் நிற நீலக்கல்' என்னுந் தொடரே நகைப்புக்கிடமானது, அதற்கு நாம் என் செய்வது?) நம் புட்பராகம் ஆங்கில அகராதிகளில் டோபாஸ் என்று பெயர்க்கப்பட்டமைக்கு இக்கீழ்நாட்டு டோபாஸே காரணம் போலும். நம் மணி வணிகர் புட்பராகம் என்று உயர்வாக மதிப்பது மஞ்சள் குருந்தக்கல்லை. அகராதியை நம்பி டோபாஸ் வாங்கியவரும், வணிகரை நம்பிப் புட்பராகம் வாங்கியவரும் வேறு வேறு கனிமங்களைப் பெறுவர்.

குருந்தக்கல் என்னும் சொல்லையும் ஈண்டு நினைத்தல் தகும். மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் பொதுவான கனிமத்தை உலகம் 'கோரண்டம்' என்கின்றது. அது தமிழ்க் குருந்தத்திலிருந்து சென்ற சொல். வைடூரியத்தின் பயணம் இன்னும் வியப்பானது. பிராகிருதத்தில் வெருலிய என வழங்கி, கிரேக்கத்தில் பெரில்லோஸ் ஆகி, ஆங்கிலத்தில் 'பெரில்' ஆனது அச்சொல்லே. பழங்காலத்தில் அது பெரில் கல்லையே குறித்திருத்தல் வேண்டும். கொங்கு நாட்டுக் கொடுமணலில் பெரில் மணிகள் செய்த தொழிற்கூடச் சான்றுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அதற்கு அண்மையிலுள்ள படியூரும் பெரில் கிடைத்த இடமே. இன்றைய தமிழில் வைடூரியம் என்றால் பூனைக்கண் கல், அதாவது கிரைசோபெரில். அப்பெயரிலும் பெரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ஆனால் கிரைசோபெரில் பெரில் அன்று! சொற்கள் நூற்றாண்டுகளில் இவ்வாறு இடம்பெயர்வது மொழியின் இயல்பு. ஒரு விற்பனை நிகழ்ச்சி முடிவதற்குள் அவற்றை இடம்பெயர்ப்பது வேறு.

பதுமராகம் என்னும் சொல்லின் கதையில் இவ்விரண்டும் கலந்துள்ளன. தமிழிலும் வடமொழியிலும் அது தாமரை நிறமுள்ள மாணிக்கம். இலங்கையில் அது இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த அரிய நீலக்கல் வகைக்குப் பெயராயிற்று. ஜெர்மானிய எழுத்துக்கூட்டலோடு 'பட்பராட்ஷா' என்று உலகச் சந்தைக்குச் சென்றது. இதுவரை நிகழ்ந்தது மொழியின் இயல்பு. 2001-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2002-இலும் அந்நிறமுள்ள கற்கள் திடீரெனப் பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தன. தாய்லாந்தின் சந்தபுரியில், பெரிலியம் என்னும் தனிமத்தை மிக்க வெப்பத்தில் கல்லுக்குள் ஊடுருவச் செய்து நிறத்தை மாற்றியிருந்தனர். அதனை வாங்குவோர்க்குத் தெரிவிக்கவில்லை. பெயர் பழையதே, கல்லும் குருந்தமே, நிறம் மட்டும் உலையிற் பிறந்தது. மிக அருமையான கல் என்பதே அப்பெயரின் பொருளாக இருந்தமையால், அருமை போனபின் பெயர் பொய்யாயிற்று.

தொலைக்காட்சி வணிகத்தில் இதனினும் பெரிய நிகழ்ச்சி ஆண்டிசின் என்னும் கல்லைப் பற்றியது. ஆண்டிசின் ஃபெல்ஸ்பார் இனத்தைச் சேர்ந்த கனிமம். தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைகளின் பெயரால் அமைந்தது. 2002-ஐ ஒட்டிச் சிவந்த ஆண்டிசின்கள் சந்தையில் தோன்றின. காங்கோ நாட்டுக் கல் என்றனர். பின்னர்த் திபெத்துக் கல் என்றனர். 2008-இல் பெய்ஜிங்கில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டின் அதிகாரமுறை மணி என்னும் சிறப்பையும் அதற்கு ஏற்றினர். தொலைக்காட்சி அலைவரிசைகள் அதனை மிகுதியாக விற்றன. செப்பினால் இயற்கையிலேயே சிவந்த ஃபெல்ஸ்பார் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கிடைப்பதுண்டு. சூரியக்கல் எனப்படும் அதனை 1987-இல் அம்மாநிலம் தன் மணியாக ஏற்றது. ஆதலால் செந்நிற ஆண்டிசினும் இயற்கையானதே என்று நம்புவதற்கு இடமிருந்தது. அறிவியலார் ஆராய்ந்தபோது வேறு கதை வெளிப்பட்டது. சீனத்தின் உள்மங்கோலியாவில் வெளிர்மஞ்சள் ஆண்டிசின் ஏராளமாக உண்டு. அதனைச் செப்போடு சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் செப்பு உள்ளே ஊடுருவிக் கல் சிவக்கும். சந்தையில் விற்றவற்றுட் பெரும்பகுதி அவ்வாறு செய்யப்பட்டதே என்னும் முடிவு வலுப்பெற்றது. கலிபோர்னியத் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ராஸ்மன் இவ்வாராய்ச்சிகளின் வரலாற்றை 2011-இல் வரிசைப்படுத்தி வெளியிட்டார். அமெரிக்காவில் வாங்கியோர் வழக்கும் தொடுத்தனர்.

இக்கதையில் 'ஆண்டிசின்' என்னும் பெயர் பொய்யன்று. கனிமம் அதுவே. பொய்த்தது 'திபெத்து' என்னும் அடை. முன்னர்க் கண்ட பெயர்களில் அடை உண்மையாக, பெயர்ச்சொல் பொய்யாக இருந்தது. ஹெர்க்கிமரில் கிடைப்பது உண்மை, வைரம் என்பது பொய். இங்கே அடை பொய், பெயர் உண்மை. சோதனைக்கூடத்துக்கு அனுப்பியவர் கூட, 'ஆம், ஆண்டிசினே' என்னும் விடையோடு அமைதியுற்றிருப்பார். மலையின் பெயரைக் கேட்டுத்தான் மக்கள் வாங்கினர். அம்மலையில் அது விளைந்ததா என்பதைத் தொலைக்காட்சி பார்த்து எவர் அறிவார்?

ஈயக்கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் பெயரளவில் நில்லாது கைக்கும் கேடு செய்வது. 2004-ஐ ஒட்டி அது பெருகிற்று. ஒளி புகாத அளவு வெடிப்புகள் மலிந்த குருந்தத்தை எடுத்து, ஒளிவிலகல் மிக்க ஈயக்கண்ணாடியை உருக்கி அவ்வெடிப்புகளில் பாய்ச்சுவர். வெடிப்பு மறையும், கல் தெளியும். திரையில் அது முதல்தர மாணிக்கம் போலவே சுடர்விடும். ஆனால் எலுமிச்சைச் சாறு போன்ற எளிய புளிப்பும் கண்ணாடியை அரிக்கும். பொற்கொல்லரின் ஊதுவிளக்கு வெப்பம் அதனைக் குலைத்துவிடும். மோதிரத்தைச் சிறிது பெரிதாக்கவேண்டிப் பொற்கொல்லரிடம் கொடுத்தவர் திரும்பப் பெறும்போது, உள்ளே வெண்கோடுகள் வலையிட்ட கல்லையே காண்பார். உண்மை மாணிக்கம் அவ்வெப்பத்தைத் தாங்கும் என்று அறிந்த கொல்லர் எச்சரிக்கை இன்றிச் சூடாக்கினார். அவரிடம் 'மாணிக்கம்' என்றே கூறப்பட்டது. பெயரிட்டவர் கடல்கடந்த நிலையத்தில் இருக்கின்றார். பழியை ஏற்பவர் தெருமுனையில் உலை வைத்திருப்பவர். பெயர் பற்றிய ஆராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்று இதனால் அறியலாம்.

புதுப்பெயர்கள் எல்லாவற்றையும் ஐயுறுதல் வேண்டா. 1967-இல் தான்சானியாவின் மெரெலானிக் குன்றுகளில் நீல நிறச் சோய்சைட் கிடைத்தது. அமெரிக்காவின் டிஃபனி நிறுவனம் 1968-இல் அதற்குத் தான்சனைட் எனப் பெயரிட்டு விற்கத் தொடங்கிற்று. கென்யாவின் சாவோ விலங்குப் புகலிடத்தின் பெயரால் பச்சைக் கார்னெட் ஒன்று 1974-இல் சாவோரைட் ஆயிற்று. இவை வாணிகத்துக்காகவே புனைந்த பெயர்கள்தாம். எனினும் வேறொரு மணியின் புகழை இவை கடன்வாங்கவில்லை. தமக்கெனப் புகழ் தேடிக்கொண்டன. தான்சனைட் வைரத்தினும் ஆயிரம் மடங்கு அரியது என்று திரையில் அடிக்கடி கேட்கும் கூற்று வேறு. அது பெயரின் குற்றமன்று, கூறுவோரின் மிகை. நிறமற்ற டோபாஸைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, பின் சூடாக்கி நீலமாக்கி, 'லண்டன் நீலம்', 'சுவிஸ் நீலம்' என விற்பதில் நிலைமை இரண்டுங்கெட்டது. டோபாஸ் என்பது உண்மை. லண்டனும் சுவிட்சர்லாந்தும் நிறச்சாயல்களின் பெயர்கள். கல் அங்கே விளைந்ததென்று கொள்வோர் கொள்ளட்டும் என விட்டுவிடுகின்றனர்.

இப்பெயர்களை ஒழுங்குசெய்ய முயற்சிகள் இல்லாமலில்லை. அமெரிக்கக் கூட்டரசு வாணிக ஆணையம் நகைத்தொழிலுக்கென வழிகாட்டு நெறிகளை வகுத்துள்ளது. 2018-இல் அவற்றைத் திருத்திற்று. பொன்னிறப் பெரிலை 'மஞ்சள் மரகதம்' என்பதும், பிரேசியோலைட் என்னும் பசும்படிகத்தைப் 'பச்சைச் செவ்வந்திக்கல்' என்பதும் மயக்கும் பெயர்கள் என அதில் எடுத்துக்காட்டோடு கூறப்பட்டன. இரண்டும் நம் ஆய்வுக்கு ஏற்றவை. மரகதம் என்பதே பச்சை நிறப் பெரிலுக்குப் பெயர். செவ்வந்திக்கல் என்பதே ஊதாநிறப் படிகத்துக்குப் பெயர். நிறம் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்க, வேறு நிறத்தை அடையாக்கினால் அடை பெயரை வரையறுக்காமல் அழித்துவிடுகின்றது. மஞ்சட்பச்சிலை என்பதுபோல் ஆகின்றது. ஈயக்கண்ணாடி நிரப்பியதை வெறும் மாணிக்கம் என்றோ, பதப்படுத்திய மாணிக்கம் என்றோ கூறுதலும் தகாதென அந்நெறிகள் கருதின. இந்நெறிகள் தம்மளவில் சட்டம் அல்ல. வஞ்சக வாணிகத்தைத் தடுக்கும் சட்டத்தை ஆணையம் எவ்வாறு பொருள்கொள்ளும் என்பதைக் காட்டுவன.

அலைவரிசைகளை ஒருசேரப் பழித்தலும் முறையன்று. கல்லுக்குச் செய்த பதப்பாட்டைத் திரையில் எழுதிக் காட்டும் நிலையங்கள் உண்டு; குறித்த நாட்களுக்குள் பொருளைத் திருப்பித்தர இடமளிப்பன பல. ஆனால் திருப்பித்தரும் உரிமை ஐயம் கொண்டவர்க்கே பயன்படும். நல்ல பெயர் செய்யும் முதல் வேலை ஐயம் எழாமற் காப்பது.

தமிழில் எழுதுவோர்க்கு இங்கே ஒரு தனிக்கடமை நேர்கின்றது. தொலைக்காட்சி வணிகர் அடிக்கடி ஆளும் இரண்டு ஆங்கில அடைகள் உள்ளன. ஒன்று 'கிரியேட்டட்', மற்றொன்று 'சிமுலேட்டட்'. முன்னது ஆய்வகத்தில் வளர்த்த கல்லைக் குறிப்பது. 1902-இல் பிரெஞ்சு அறிஞர் வெர்னூயி தீச்சுடரில் அலுமினியம் ஆக்சைடை உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அவ்வாறு வளர்ந்தது பொருளாலும் கடினத்தாலும் மாணிக்கமே. பின்னது தோற்றத்தால் மட்டும் ஒத்த ஒன்று. சிவந்த கண்ணாடியாகவும் இருக்கலாம். இரண்டையும் மாணிக்கத்தின் முன் நிறுத்தினால் தொகைகள் உருவத்தால் ஒன்றே. முன்னதில் பின்மொழி மெய், பின்னதில் பொய். ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டை அடை ஒன்றேனும் தாங்குகின்றது. தமிழிலோ நாம் இரண்டையும் 'செயற்கை மாணிக்கம்' என்று மொழிபெயர்த்து, அவர்கள் விட்டுவைத்த அச்சிறு வேறுபாட்டையும் இழந்துவிடுகின்றோம். முன்னதை 'ஆக்க மாணிக்கம்' என்றும், பின்னதை மாணிக்கம் என்னும் சொல்லே முடிவில் வாராதபடி 'மாணிக்கப்போலி' என்றும் வழங்கலாம். போலி என்பது பின்மொழியாக நிற்கும்போது, விரைந்து பேசுவோர் எதனை விழுங்கினும் இனத்தை மாற்ற இயலாது. அமெரிக்கன் டைமண்டைக் கலைச்சொல் அகராதியில் சேர்ப்போர் அதனை வைரத்தின் கீழ் வையாது, ஜிர்க்கோனியத்தின் கீழ் 'வைரப்போலி' என்னும் குறிப்போடு வைத்தல் வேண்டும்.